ஜார்ஜ்டவுன் (பினாங்கு, மலேசியா) கதீட்ரல்: வீல்சேரோடும் சம்பந்தி வீட்டாரோடும் அரை நாளில் பார்க்க முடியுமா?

கிள்ளான்காரன் கேட்டது:

வணக்கம். அடுத்த மாதம் ஒரு சனி, ஞாயிறு பினாங்குக்கு வருகிறோம். ஏழு பேர். அம்மாவுக்கு வயது 74, நூறு நூற்றைம்பது அடி நடப்பார், அதற்கு மேல் வீல்சேர்தான். சம்பந்தி இருவரும் இந்துக்கள், மாதா கோவிலுக்குள் இதுவரை போனதில்லை, ஆனால் ஆசையாகக் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு பேர்.

டவுன் நடுவில் இருக்கும் பழைய கதீட்ரலைப் பார்க்க வேண்டும், முடிந்தால் தமிழ்ப் பூசையும். காரில் வருவதா, ரயிலிலும் ஃபெரியிலும் வருவதா? கார் எங்கே நிறுத்துவது? சம்பந்தி வீட்டார் உள்ளே என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது? பூமாலை, சூடம் கொண்டு வரட்டுமா என்று இப்போதே கேட்கிறார்கள். படம் எடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

அஞ்சடிக்கால் பதில்:

முதலில் ஒரு சிக்கலை அவிழ்த்துவிடுவோம். இல்லையென்றால் கிராப் கார் (செயலியில் கூப்பிடும் வாடகைக் கார்) உங்களை வேறு ஊர் மாதிரி ஓர் இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும்.

டவுனில், லெபோ ஃபார்குவாரில் (லெபோ என்றால் தெரு, ஜாலான் என்றால் சாலை) இருப்பது மாதா விண்ணேற்பு ஆலயம். இங்கிலீஷில் சர்ச் ஆஃப் தி அசம்ப்ஷன். 1955இல் பினாங்கு தனி மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) ஆனபோது இதுதான் கதீட்ரல், அதாவது ஆயரின் ஆலயம். 2003இல் அந்தத் தகுதி கிரீன் லேன் ஐலண்ட் பார்க்கில் இருக்கும் தூய ஆவி ஆலயத்துக்குப் போய்விட்டது. ஊர்க்காரர்கள் இன்னமும் பழக்கத்தில் டவுன் கோவிலையே கதீட்ரல் என்கிறார்கள். செயலியில் 'கதீட்ரல்' என்று அடித்தால் வருவது கிரீன் லேன். இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு கிலோமீட்டர், சனிக்கிழமை நெரிசலில் அது சின்ன தூரமில்லை. அதனால் 'அசம்ப்ஷன், லெபோ ஃபார்குவார்' என்று தேடி, குறி எந்தத் தெருவில் நிற்கிறது என்று பார்த்த பிறகு கார் கூப்பிடுங்கள்.

இன்னொரு பொறி சவேரியார். தமிழ்ப் பூசைக்கு விசாரிக்க வேண்டிய இடம் ஜாலான் பினாங்கில் இருக்கும் தூய பிரான்சிஸ் சவேரியார் ஆலயம், தமிழர்களுக்கென்றே 19ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. ஆனால் லெபோ ஃபார்குவாரிலேயே செயிண்ட் சேவியர்ஸ் பள்ளிக்கூடம் இருக்கிறது. 'சேவியர்' என்று மட்டும் சொன்னால் டிரைவர் பள்ளிக்கூட வாசலில் நிறுத்துவார். இரண்டும் நடக்கும் தூரம்தான், வீல்சேரோடு வருகிறவர்களுக்குத்தான் வம்பு.

நீங்கள் கதீட்ரலைப் பார்க்க வருகிறீர்களா, பூசை காண வருகிறீர்களா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய நினைத்தால் இரண்டும் கெடும். பூசை முடிந்த கையோடு சுற்றிப் பார்க்கலாம் என்று நினைப்பார்கள். அந்த நேரத்தில்தான் அடுத்த பூசைக் கூட்டம் உள்ளே வரும், ஞானஸ்நானக் குடும்பம் பீடத்தடியில் படம் எடுத்துக்கொண்டிருக்கும், கோவில்பிள்ளை (கோவிலைப் பராமரிப்பவர்) கதவைச் சாத்தக் காத்திருப்பார். சனிக்கிழமை காலை என்றால் கல்யாணப் பூசை. வாசலில் ரிப்பன் கட்டிய கார் நின்றால் குறைந்தது ஒன்றரை மணி நேரம் உள்ளே போக முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு வார நாள் முற்பகல் மாதிரி வராது. சனி, ஞாயிறுதான் என்றால் ஆலய அலுவலகத்துக்கு முன்கூட்டியே போன் அடித்து, 'சனிக்கிழமை கல்யாணமோ அடக்கப் பூசையோ இருக்கிறதா' என்று கேளுங்கள். 'திறந்திருக்கிறதா' என்று மட்டும் கேட்டால் 'ஆமாம்' என்பார்கள். கல்யாணம் நடக்கும்போதும் கோவில் திறந்துதானே இருக்கும்!

---

பட்டர்வொர்த் பயணி பதில்:

காரா, ஃபெரியா என்பதற்கு.

இப்போதைய ஃபெரியில் கார் ஏறாது. ஆள், மோட்டார் சைக்கிள், சைக்கிள் மட்டும்தான். காரை ஏற்றிக்கொண்டு கடலைக் கடந்த பழைய காலத்தை நினைத்துப் பட்டர்வொர்த் வரை ஓட்டிவந்து ஏமாறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கார் என்றால் பாலம்தான்.

ஏழு பேருக்கு என் கணக்கு: கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து இ.டி.எஸ். விரைவு மின்ரயிலில் பட்டர்வொர்த், ஃபெரியில் தீவு, துறைமுகத்தில் ஆறு இருக்கை கிராப் ஒன்றும் சாதாரணக் கார் ஒன்றும். ஆறு இருக்கை வண்டியில் ஆள் நிறைந்துவிட்டால் மடித்த வீல்சேருக்கு இடம் இருக்காது, அதனால் வீல்சேரும் அம்மாவும் சின்னக் காரில் போகட்டும். துறைமுகத்திலிருந்து லெபோ ஃபார்குவார் சுமார் ஒரு கிலோமீட்டர். நடக்கிறவர்கள் நடக்கலாம். கேட் என்று எழுதிய ராப்பிட் பஸ் துறைமுகத்துக்கும் கொம்தார் கட்டடத்துக்கும் நடுவே இலவசமாக ஓடுகிறது. ஏறும்போதே 'மியூசியம் பக்கம்' என்று டிரைவரிடம் சொல்லி வையுங்கள்.

சொந்தக் காரில் வந்தால் தெருவோரம் கார் நிறுத்தப் பணம் கட்ட பினாங் ஸ்மார்ட் பார்க்கிங் செயலி வேண்டும். பழைய கூப்பன் காலம் முடிந்துவிட்டது. கிள்ளானிலேயே இறக்கி, கார் எண்ணைப் பதிந்து, கொஞ்சம் பணமும் போட்டுக்கொண்டு வாருங்கள். அங்கே வெயிலில் நின்று பதிவு செய்துகொண்டிருக்கும் ஐந்து நிமிடத்தில்தான் சம்மன் (அபராதச் சீட்டு) எழுதுகிறவர் வருவார். கோவில் வளாகத்துக்குள் நிறுத்துவது பூசைக்கு வருகிறவர்களுக்கும் அலுவலக வேலையாக வருகிறவர்களுக்கும். அம்மாவை இறக்கிவிட உள்ளே கொண்டுபோனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இறக்கிவிட்டு வெளியே எடுத்துவிடுங்கள்.

நேரமும் கிழமையும் முக்கியம். வார நாளில் பள்ளி விடும் நேரத்தில் லெபோ ஃபார்குவார் அசையாது. பக்கத்திலேயே கோர்ட்டும் இருக்கிறது. வெள்ளி நண்பகலில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தொழுகையால் அந்தத் தெரு முழுக்க நெரிசல். சுவெட்டன்ஹாம் துறையில் பெரிய பயணக் கப்பல் நின்றால் வழிகாட்டியின் கொடியைத் தொடர்ந்து நாற்பது ஐம்பது பேர் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அரை மணி நேரம் எங்காவது தேநீர் குடித்துவிட்டு வந்தால் போய்விடுவார்கள்.

---

பீடத்துணை பதில்:

சம்பந்தி வீட்டார் பற்றிக் கேட்டதற்கு விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சங்கடங்கள் எல்லாம் இங்கேதான் நடக்கின்றன. தடை என்று ஒன்றும் இல்லை, யாரும் வரலாம், நுழைவுக் கட்டணமும் கிடையாது.

செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. நம்மவர்கள் பழக்கத்தில் படியிலேயே கழற்றிவிடுவார்கள். பின்னால் வருகிற வயதானவர்கள் அதில் தடுக்குவார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். சேலை, சல்வார், வேட்டி எல்லாம் மிகப் பொருத்தம். கையில்லாத சட்டை, முட்டிக்கு மேல் கால்சட்டைதான் பிரச்சினை. ஜார்ஜ்டவுன் வெயிலில் பிள்ளைகள் அப்படித்தான் வருவார்கள் என்றால் பையில் ஒரு சால்வையும் நீளக் கால்சட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

நுழைந்ததும் தூண் பக்கத்தில் தீர்த்தத் தொட்டி இருக்கும். கத்தோலிக்கர் விரல் நுனியை நனைத்துச் சிலுவை அடையாளம் போடுவார்கள். மற்றவர்கள் சும்மா கடந்து போகலாம். கோவில் தீர்த்தம் போல் உள்ளங்கையில் ஏந்திக் குடிப்பதும் தலையில் தெளித்துக்கொள்வதும் வேண்டாம். அது பலர் விரல் பட்ட தண்ணீர், குடிக்க வைத்தது இல்லை.

பீடத்தை நோக்கி நேராகப் பார்த்தால் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருக்கும். அதன் பக்கத்தில் இருப்பது நற்கருணைப் பேழை, பூசையில் புனிதமாக்கிய அப்பத்தை வைக்கும் பெட்டி. நாங்கள் வலது முழங்காலைத் தரையில் ஊன்றி வணங்குவது அதற்குத்தான். சம்பந்தி கைகூப்பித் தலை வணங்கினால் போதும், அழகாகவும் இருக்கும். பீடத்துக்கு முன்னால் உள்ள படிதான் எல்லை. சுற்றி வருகிற வழக்கம் இங்கே இல்லை. பிரகாரம் என்று நினைத்துப் பீடத்துக்குப் பின்னால் போய்விட்டால் நேராகச் சாமியார் (பூசை செய்யும் குரு) உடை மாற்றும் அறைக்குள்தான் நிற்பீர்கள்.

சூடம், ஊதுபத்தி, தேங்காய் வேண்டவே வேண்டாம். உள்ளே நெருப்பு என்றால் மெழுகுத்திரி மட்டும், அதுவும் அதற்கென்று உள்ள தட்டில். மாலை கொண்டு வரலாம், ஆனால் நேராகப் போய் சிலைக்குப் போட்டுவிடாமல் கோவில்பிள்ளையிடமோ அலுவலகத்திலோ கொடுங்கள். சிலையின் கையிலும் கிரீடத்திலும் மாட்டினால் வர்ணம் உரியும். மாதா பாதத்தில் வைத்துவிடுவார்கள்.

இப்போது முக்கியமானது. பூசைக்கு இருந்தால், நற்கருணை நேரத்தில் எல்லாரும் வரிசையில் எழுந்து போவார்கள். கூடவே போய்விடாதீர்கள். அது பிரசாதம் இல்லை. கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்று, புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கி, ஒரு மணி நேரமாவது உண்ணாநோன்பு இருந்து, பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவதற்கு) உரியது எதுவும் மீதமில்லை என்ற நிலையில் வாங்குவது. வழக்கமாக நடக்கும் குழப்பம் இதுதான்: தெரியாமல் வரிசையில் நின்றவர் கையை நீட்டுவார், அப்பம் கைக்கு வந்துவிடும், என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டில் இருப்பவர்களுக்குக் கொடுக்கலாம் என்று கைக்குட்டையில் மடிப்பார். பின்னாலேயே ஒருவர் ஓடி வருவார், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். கைக்கு வந்துவிட்டால் அங்கேயே, ஒரு அடியும் நகராமல், கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர் ஒன்றும் கேட்க மாட்டார். ஆசீர் மட்டும் வேண்டும் என்றால் இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு வரிசையில் வரலாம், புதுநன்மை வாங்காத பிள்ளைகளும் அப்படித்தான் வருவார்கள். இருக்கையிலேயே உட்கார்ந்திருப்பதும் தவறே இல்லை. உங்கள் வரிசையில் மற்றவர்கள் வெளியேற முழங்காலை மட்டும் ஒதுக்கிக் கொடுங்கள்.

முழங்கால் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். பெஞ்சுக்குக் கீழே முழந்தாளிடும் பலகை மடிந்திருக்கும். அதைக் காலால் தட்டி இறக்கினால் அந்த அமைதியில் வெடி மாதிரி சத்தம் வரும், முன்னால் நீட்டியிருக்கும் கால் விரலும் நசுங்கும். ஓரத்தைக் கையால் பிடித்து மெதுவாக இறக்குங்கள். பிள்ளைகளுக்கு இதை வெளியிலேயே சொல்லிக் கூட்டி வாருங்கள்.

படம்: பூசை இல்லாத நேரத்தில், பிளாஷ் இல்லாமல், ஜெபம் செய்கிறவர் முகம் விழாமல் எடுக்கலாம். முக்காலி வைக்க அனுமதி கேட்க வேண்டும். பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு முன்னால் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தால் கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள்.

---

கிள்ளான்காரன் பதில்:

பீடத்துணை, அப்பத்தைத் திருப்பிக் கொடுப்பது பற்றிச் சொன்னதற்குத் தனி நன்றி. அப்படியே அச்செடுத்துச் சம்பந்தியிடம் கொடுத்துவிடுகிறேன்.

இரண்டு கேள்வி பாக்கி. அம்மாவின் வீல்சேரைப் பூசையில் எங்கே வைப்பது? டவுனில் தெருவோடு தள்ளிக்கொண்டு போக முடியுமா? அப்புறம், கதீட்ரல் அங்கே இல்லை என்றால் டவுன் கோவிலில் பார்க்க என்ன இருக்கிறது, கிரீன் லேனுக்கும் போகணுமா?

---

அஞ்சடிக்கால் பதில்:

வீல்சேருக்கு நான் சொல்கிறேன்.

அஞ்சடியை, அதாவது கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடி நடைபாதையை, நம்பாதீர்கள். வரைபடத்தில் கடை வரிசை முழுக்க நிழலான நடைபாதை மாதிரி தெரியும். உண்மையில் ஒவ்வொரு கடையும் தன் வாசலைத் தன் இஷ்டத்துக்கு உயர்த்தியிருக்கும், ஒரு கடைக்கு ஒரு படி ஏறி அடுத்த கடைக்கு இரண்டு படி இறங்க வேண்டும். நடுவில் மோட்டார் சைக்கிள், மேசை, சாமி மாடம். வீல்சேர் இருபது அடி கூடப் போகாது. அதனால் எல்லாரும் சாலை ஓரத்துக்கு இறங்கிவிடுகிறார்கள், அங்கே கால்வாய் மூடியின் கம்பி இடைவெளியில் முன் சக்கரம் சிக்கும். சிக்குவது எப்போதும் சின்ன முன் சக்கரம்தான். கம்பி மூடி வரும்போது நாற்காலியைப் பின்னால் சாய்த்து முன் சக்கரங்களைத் தூக்கி, பெரிய சக்கரத்தில் கடந்துவிடுங்கள். சரிவில் இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, நீங்கள் கீழே, அம்மா முகம் மேட்டைப் பார்க்க, பின்னோக்கி இறக்குங்கள். முகம் பள்ளத்தைப் பார்க்க இறக்கினால் ஒரு சின்னக் கல்லில் சக்கரம் நின்றாலே ஆள் முன்னால் சரிந்துவிடுவார்.

நூறு மீட்டருக்கு மேல் என்றால் கிராப்தான் புத்தி. ஐந்து ஆறு ரிங்கிட்டை மிச்சம் பிடித்து அம்மாவைப் பதினோரு மணி வெயிலில் தள்ள வேண்டாம்.

பூசையில் வாசலில் நின்று ஒழுங்கு பார்க்கும் வார்டனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். படியில்லாத பக்கவாசல் எது என்று அவர் காட்டுவார், நற்கருணை கொடுப்பவரை அம்மா இருக்கும் இடத்துக்கே அனுப்பவும் சொல்வார். நாற்காலியை நடுப்பாதையில் நிறுத்தாதீர்கள். தொடக்கத்தில் சிலுவையோடு பவனி வரும், காணிக்கை வரும், பிறகு நற்கருணை வரிசை, மூன்று தடவையும் நகர்த்த வேண்டியிருக்கும். பக்கப் பாதையில், ஒரு பெஞ்சின் ஓரத்தை ஒட்டி, பிரேக் போட்டு நிறுத்தி, பக்கத்து இருக்கையில் நீங்கள் உட்காருங்கள். அம்மாவுக்கு இழுப்பு (ஆஸ்துமா) இருந்தால் பெருவிழா நாட்களில் பீடத்துக்குப் பக்கமாக வேண்டாம், சாம்பிராணிப் புகை முதலில் அங்கேதான் வரும்.

தமிழ்ப் பூசை நேரத்தை இங்கே நான் போட மாட்டேன். பாஸ்கா (ஈஸ்டர்) காலத்திலும் பள்ளி விடுமுறையிலும் மாறும், பழைய பதிவைப் பார்த்து வந்து இங்கிலீஷ் பூசையில் உட்கார்ந்தவர்கள் ஏராளம். அந்த வாரத்து ஆலய அறிவிப்பைப் பாருங்கள். ஒன்று மட்டும் உதவும்: சனிக்கிழமை மாலைப் பூசை, நாம் சன்செட் பூசை என்கிறோமே, அது ஞாயிறுக் கடனுக்கு, அதாவது கத்தோலிக்கர் ஞாயிறு பூசை காண வேண்டிய கடமைக்கு, கணக்காகும். அதைக் கண்டுவிட்டால் ஞாயிறு முழுதும் கையில் இருக்கும்.

---

பழைய கல் பதில்:

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். நிறைய இருக்கிறது, ஆனால் என்ன பார்க்கிறோம் என்று தெரிந்து பார்க்க வேண்டும். சும்மா போனால் பத்து நிமிடத்தில் 'சரி, அடுத்து?' என்று பிள்ளைகள் கேட்டுவிடுவார்கள்.

கதீட்ரல் என்ற சொல்லுக்கும் கட்டடத்தின் அளவுக்கும் சம்பந்தம் இல்லை. ஆயரின் இருக்கை எங்கே இருக்கிறதோ அதுதான் கதீட்ரல், தமிழில் பேராலயம். கிரீன் லேன் போனால் பார்க்க வேண்டியது அந்த இருக்கைதான். இப்போதைய ஆயர் செபாஸ்டியன் பிரான்சிஸ் 2023இல் கர்தினால் (போப்பைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் ஒருவர்) ஆனார், ஆகவே அது ஒரு கர்தினாலின் இருக்கை. கட்டடம் நவீனம். பழமை தேடி வருகிறவர்களுக்கு அங்கே ஏமாற்றம்தான். இது என் கருத்து, கிரீன் லேன்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

டவுன் கோவிலுக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்ட் 11இல் தீவைக் கைக்கொண்டார். அவர் அழைப்பில் கெடாவிலிருந்து வந்த யூரேசிய (ஐரோப்பிய, ஆசியக் கலப்பு) கத்தோலிக்கர்கள் அதே மாதம் விண்ணேற்புத் திருநாளை ஒட்டி வந்து இறங்கினார்கள். திருநாள் ஆகஸ்ட் 15, அதனால் அந்தப் பெயர். முதல் கோவில் இருந்தது இங்கே இல்லை, லெபோ கெரேஜாவில். கெரேஜா என்றாலே மலாயில் தேவாலயம்தான். தெருவில் இன்று கோவில் இல்லை, பெயர் மட்டும் நிற்கிறது. பக்கத்துத் தெரு பிஷப் ஸ்ட்ரீட். நடக்கிறவர்கள் துறைமுகத்திலிருந்து லெபோ கெரேஜா வழியாக வாருங்கள், கோவில் இடம் மாறிய பாதையிலேயே நடந்த மாதிரி இருக்கும்.

இப்போதைய கட்டடம் 1860, 61இல் எழுந்தது. வெளியே எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று இரட்டைக் கோபுரங்களைப் பாருங்கள், அடியில் நின்று அண்ணாந்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே போய் நடுப்பாதையில் பாதி தூரம் நடந்து நின்றுவிடுங்கள். இடமும் வலமும் இரண்டு சிறகுகள் விரியும். அவை 1928இல் கூட்டம் கொள்ளாமல் சேர்த்தவை. சிறகுக்குள் போய்த் திரும்பிப் பார்த்தால் பழைய சுவர் எங்கே உடைத்துத் திறக்கப்பட்டது என்பதைத் தூண் வரிசை காட்டிக்கொடுக்கும். பிள்ளைகளுக்கு இதை ஒரு கண்டுபிடி விளையாட்டாகக் கொடுங்கள், பதினைந்து நிமிடம் சத்தம் இருக்காது.

பிறகு வாசல் பக்கம் திரும்பி மேலே பாடகர் மாடத்தைப் பாருங்கள். குழல் ஆர்கன், 1914இல் இங்கிலாந்தின் ஓக்கம் ஊரில் மார்ட்டன் அண்ட் மூடி என்ற நிறுவனம் செய்தது. அதைப் பற்றிக் குழலிசை நன்றாகச் சொல்வார்.

அதே தெருவில், மியூசியத்தைத் தாண்டி, செயிண்ட் ஜார்ஜ் ஆலயம். இது ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை மரபு), கதீட்ரல் இல்லை. ஆனால் தமிழ்நாட்டுத் தொடர்பு உள்ளவர்கள் விடக்கூடாது. சென்னையில் செயிண்ட் ஜார்ஜ் கதீட்ரல் இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் இதைத் திட்டமிட்டார்கள். 1818இல் கட்டி முடித்தார்கள், வேலை செய்தவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். சென்னைக் கோவிலை 1816இல் அர்ச்சித்த (புனிதப்படுத்தித் திறந்த) அதே கல்கத்தா பிஷப் மிடில்டன்தான் 1819இல் இங்கே வந்து இதையும் அர்ச்சித்தார். ஒரு தவறும் கூடவே வந்தது. முதலில் மேலே தட்டையான மொட்டைமாடிக் கூரை. மதராஸ் வெயிலுக்கு அது சரி, பினாங்கு மழைக்குத் தாங்கவில்லை. 1864இல் சரிவுக் கூரையாக மாற்றினார்கள். முகப்பின் கிரேக்கத் தூண்களையும் மேலே உட்காரும் முக்கோணக் கூரையையும் சேர்த்துப் பாருங்கள், தூண்கள் ஒரு காலம், கூரை வேறு காலம். முன் புல்வெளியில் இருக்கும் வட்ட மண்டபம் பிரான்சிஸ் லைட் நினைவாக 1886இல் வைத்தது. அவர் கல்லறை அங்கே இல்லை, ஜாலான் சுல்தான் அகமது ஷா ஓரத்துப் பழைய கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது.

சொல் குழப்பம் ஒன்று: ஆங்கிலிக்கன், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) தமிழில் பிஷப்பைப் 'பேராயர்' என்பார்கள். கத்தோலிக்கத் தமிழில் பிஷப் 'ஆயர்', ஆர்ச்பிஷப்தான் 'பேராயர்'. இரண்டு கோவிலிலும் தமிழ் அறிவிப்பைப் படித்துவிட்டு யார் பெரியவர் என்று சண்டை போடாதீர்கள்.

---

குழலிசை பதில்:

ஆர்கன் பற்றி இரண்டு வார்த்தை.

அதைப் பார்ப்பதை விடக் கேட்பதுதான் பயன். எல்லாப் பூசையிலும் வாசிக்க மாட்டார்கள், கித்தாரும் கீபோர்டும் உள்ள பூசைகளும் உண்டு. 'எந்தப் பூசையில் பைப் ஆர்கன்' என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மாடத்துக்கு நேர் கீழே உட்காராதீர்கள், சத்தம் தலைக்கு மேலே முன்பக்கம் போய்விடும், உங்களுக்குக் கிடைப்பது அடித்தொண்டை உறுமல் மட்டும். நடுக்கோவிலில், முன்னிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி உட்கார்ந்தால் மேல் குழல்களும் கீழ் குழல்களும் சேர்ந்து வரும். கூட்டம் நிறைந்திருந்தால் எதிரொலி குறைந்து சொற்கள் தெளிவாகும், காலியாக இருந்தால் ஒலி மழுங்கி நீளும்.

நம் ஊர் ஈரம் இந்தக் கருவிக்குப் பகை. உள்ளே காற்று போகும் பெட்டிகள் மரம், காற்றை அடைக்கும் இடங்களில் தோல். ஈரத்தில் மரம் உப்பினால் விரலால் அழுத்தும் கட்டை கீழேயே ஒட்டிக்கொள்ளும். அடைப்பான் முழுதாக மூடாமல் தூசி சிக்கினால் கையை எடுத்த பிறகும் ஒரு சுரம் விடாமல் ஊதிக்கொண்டே இருக்கும். பூசை நடுவில் அப்படி ஒரு ஒற்றைச் சுரம் கேட்டால் மைக் கோளாறு என்று நினைக்காதீர்கள், வாசிப்பவர் அந்தக் குழல் வரிசையின் குமிழை உள்ளே தள்ளி அடக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். மாடத்துக்கு ஏற ஆசைப்பட்டுப் பிள்ளைகளை அனுப்பிவிடாதீர்கள். படி குறுகல். ஒரு உலோகக் குழலில் சாய்ந்தாலே நெளியும், நெளிந்தால் சுருதி போய்விடும்.

---

லெபோ குயின் பதில்:

எல்லாரும் சொன்னதைச் சேர்த்து என் யோசனை. சனிக்கிழமை ஒன்பதரைக்குச் செயிண்ட் ஜார்ஜில் தொடங்குங்கள், புல்வெளியும் நிழலும் இருக்கிறது, அம்மாவுக்கு அவசரம் இல்லை. முகப்பில் படிகள் உண்டு, முதலில் ஒருவர் போய் வீல்சேர் வழி எது என்று கேட்டு வரட்டும். அங்கிருந்து மாதா கோவில் அதே பக்கம், மியூசியத்தைக் கடந்தால் வந்துவிடும். நடக்கிறவர்கள் நடக்க, அம்மாவை மட்டும் காரில் உள்ளே இறக்குங்கள். கல்யாணம் நடந்தால் வரிசையை மாற்றுங்கள்.

சம்பந்திக்காக ஒன்று சேருங்கள்: லெபோ குயினில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோவில், 1833இல் கட்டியது. செயிண்ட் ஜார்ஜிலிருந்து தெற்கே ஐந்தாறு நிமிட நடை, வழியில் குவான் யின் கோவில், கொஞ்சம் தள்ளி கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். மாரியம்மன் கோவில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், அதனால் பதினொன்றரைக்குள் போய்விடுங்கள். சூடத்தையும் மாலையையும் அங்கே கொடுத்துவிட்டால் அவர்கள் மனமும் நிறையும், மாதா கோவிலில் சங்கடமும் இல்லை. சாப்பாடு அதே தெருக்களில். சனி மதியம் நாசி கண்டார் (சோறும் குழம்புகளும்) கடை வரிசையில் அம்மாவை நிறுத்தாதீர்கள், பக்கத்துத் தெருவில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன, உட்கார இடம் கிடைக்கும்.

கழிவறை எல்லாவற்றையும் விட முக்கியம்: துறைமுகத்தில் இறங்கியதுமே ஒரு தடவை போய்விடுங்கள். பழைய வளாகங்களில் படியேறாத கழிவறை தேடுவது பாடு.

---

பீடத்துணை பதில்:

லெபோ குயின் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மாரியம்மன் கோவிலில் வாங்கிய விபூதி, குங்குமத்தோடு மாதா கோவிலுக்குள் வரலாமா என்று அடுத்து கேட்பார்கள். தாராளமாக வரலாம், அழிக்க வேண்டியதில்லை. கையில் பிரசாதப் பொட்டலமும் உடைத்த தேங்காயும் இருந்தால் மட்டும் காரில் வைத்துவிட்டு வாருங்கள், எறும்பு பெஞ்சு வரிசைக்கு ஏறிவிடும்.

---

கிள்ளான்காரன் பதில்:

ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன், கார் இல்லை. அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டதில் நாங்கள் வரும் சனிக்கிழமை காலை பத்தரைக்குக் கல்யாணம் இருக்கிறதாம். அதனால் மாரியம்மன் கோவில் முதலில், செயிண்ட் ஜார்ஜ் அடுத்து, சாப்பிட்டு அம்மா ஓய்வெடுத்த பிறகு நாலு மணி வாக்கில் மாதா கோவில் பார்த்துவிட்டு அப்படியே சன்செட் பூசை. இங்கிலீஷ் பூசைதான், பரவாயில்லை. சவேரியார் கோவில் ஞாயிறு காலை தமிழுக்கு.